முதலில் கையை எடுங்கள்

கணினி கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அழுகை. ஹார்டு டிஸ்க்கைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டோம், என்ன செய்வது? ஆகவே பிரிண்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கெஞ்சியிருப்பதால் தொழிலையும் ஊரையும் மட்டும் போட்டிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. காந்திபுரத்தில் இருக்கும் என் மாடிக்கடைக்குப் படியேறி வருகிறவர்களில் எத்தனையோ பேர் இதே காரணத்துக்காகத்தான் வருகிறார்கள்.

கேள்வி: திருமணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். ஸ்டூடியோக் கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற மறந்துவிட்டேன். பட்டியலில் அதையே தேர்ந்தெடுத்து ஃபார்மேட்டை அழுத்திவிட்டேன். இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது என்று திரையில் வந்த பிறகுதான் தவறு புரிந்தது. டிஸ்க் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக என் மைத்துனர் மகன் அதில் 40 ஜி.பி. அளவுக்கு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்திருக்கிறான். பதினொரு கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. மூன்றுக்குத்தான் ஆல்பம் கொடுத்து முடித்திருக்கிறேன். படங்கள் கிடைக்குமா அம்மா? — புகைப்படக்காரர், பழனி

பதில்: தம்பி, இதைப் படிக்கும்போது அந்த டிஸ்க் கணினியில் செருகியிருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கழற்றுங்கள். கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி மைத்துனர் மகன் கையில் கிடைக்க வேண்டாம்.

படங்களில் பெரும்பகுதி கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஓர் ஐயம் உண்டு. அதைக் கீழே சேலத்துக் கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

ஃபார்மேட் என்றவுடன் எல்லோரும் தீ வைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. ஒரு கிராம நிர்வாக அலுவலரின் அலமாரியில் இருந்த சிட்டாவும் அடங்கலும் தொலைந்துபோனதாக வைத்துக்கொள்ளுங்கள். வயல் அங்கேயேதான் இருக்கிறது, நெல்லும் நிற்கிறது. எந்தச் சர்வே எண் யாருடையது என்று சொல்லத்தான் ஏடு இல்லை. புதிதாக வந்தவர் ஒரு புது நோட்டைத் திறந்து, ஊர் முழுக்கப் புறம்போக்கு என்று முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறார். அதை நம்பி வேறொருவர் வந்து ஏர் பூட்டும் வரைக்கும் உங்கள் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் செய்த ஃபார்மேட் ஏட்டை மாற்றியது, அவ்வளவுதான். உங்கள் மைத்துனர் மகன் செய்ததுதான் உழவு.

எவ்வளவு உழுதிருக்கிறான் என்று பார்ப்போம். 2 டெராபைட்டில் 40 ஜி.பி. என்பது நூற்றுக்கு இரண்டு. கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் நூற்றுக்கு இரண்டு படம் போகும் என்று கணக்குப் போடாதீர்கள். உழவு ஓரிரு இடங்களில் தொடர்ச்சியாக விழுந்திருக்கும். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தம் முழுக்க மறைந்திருக்கலாம். மற்ற பத்திலும் ஒரு படம்கூடக் குறையாமல் இருக்கலாம்.

இனி யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். அந்த 40 ஜி.பி.யில் எத்தனை கோப்புகள் இருந்தன? விண்டோஸ் ஹார்டு டிஸ்க்குகளில் வழக்கமாகப் பயன்படும் என்.டி.எஃப்.எஸ். முறையில், நான் சொன்ன ஏட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் பொதுவாக 1,024 பைட் அளவில் ஓர் இடம். கோப்பின் பெயர், தேதி, அளவு, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதற்குள் அடங்கும். மறுபடி என்.டி.எஃப்.எஸ். முறையிலேயே ஃபார்மேட் செய்தால், பெரும்பாலும் பழைய ஏடு இருந்த இடத்திலேயே புது ஏடு தொடங்கும். ஆனால் புது ஏடு மிகவும் மெல்லியது. பழைய ஏட்டின் முதல் சில பக்கங்களை மட்டும் மறைக்கும். பின்பக்கங்கள் அப்படியே கிடக்கும். பிறகு நீங்கள் டிஸ்க்கில் போடும் ஒவ்வொரு புதுக் கோப்பும் பழைய ஏட்டின் ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே போகும். 40 ஜி.பி.யும் ஒரே பெரிய கோப்பு என்றால் போனது ஒரு வரி. பத்தாயிரம் சிறு கோப்புகள் என்றால் பத்தாயிரம் வரி வரைக்கும் போயிருக்கும். மென்பொருள் ஃபோல்டர்களில் சிறு கோப்புகள் ஈசல் மாதிரி இருக்கும். அதனால் சில கல்யாணங்களின் படங்கள் முழுசாகக் கிடைத்தும் பெயரோ ஃபோல்டரோ இல்லாமல் கிடைக்கலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த டிஸ்க்கைவிடப் பெரியதாக ஒன்று, 4 டெராபைட் என்றால் நல்லது, வாங்குங்கள் அல்லது இரவல் பெறுங்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் அதற்குப் பிரதி எடுக்க வேண்டும். கோப்புகளைப் பிரதி எடுப்பது இல்லை. காலி இடம் உட்பட டிஸ்க்கையே முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரைக்கும் எடுப்பது. நான் ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச நிரலில் இதைச் செய்கிறேன். டிஸ்க்கில் கெட்ட இடம் இருந்தால் அது முரண்டு பிடிக்காது. நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டதற்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதைத் தனியே எழுதி வைத்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யூ.எஸ்.பி. 3 வழியாக நொடிக்கு 100 எம்.பி. வேகம் கிடைத்தால் ஐந்தரை மணி நேரம் ஆகும். பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் செருகினால் ஒரு பகலும் ஓர் இரவின் பாதியும் போகும். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

பிரதி எடுத்த பிறகு மூல டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். டி.எம்.டி.இ., ஆர்-ஸ்டூடியோ, டெஸ்ட்டிஸ்க் போன்ற எந்த மீட்பு மென்பொருளையும் பிரதியின் மேல் ஓட்டுங்கள். அது கெட்டுப்போனால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். மீட்டவற்றை மூன்றாவதாக ஓர் இடத்தில் சேமிக்க வேண்டும். மீட்ட படத்தை மீட்ட டிஸ்க்கிலேயே சேமித்துவிட்டு, மற்ற படங்களைக் காணவில்லை என்று வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் உழவுதான்.

புகைப்படக்காரர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மீட்பு மென்பொருள் சின்னப் படங்களை வரிசையாகக் காட்டும். மணமகள் சிரிக்கிறாள், மாமனார் வெற்றிலை மடிக்கிறார். எல்லாம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து மூல டிஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். கேமரா சுருக்காமல் அப்படியே பதியும் மூலக் கோப்பான ரா கோப்புக்குள் ஒரு சிறிய ஜேபெக் படம் தனியாகப் பொதிந்திருக்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். அது நன்றாக இருக்கும். மீதிக் கோப்பு கந்தலாக இருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களை எடிட் செய்யும் மென்பொருளில் முழு அளவில் திறந்து, நூற்றுக்கு நூறு பெரிதாக்கிப் பாருங்கள். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகவோ ஊதாப் பட்டையாகவோ தெரிந்தால் அது உழுத வயல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலையும் உண்டு. கேமரா அட்டைகளை அப்படியே எடுத்து வையுங்கள். கேமராவில் ஃபார்மேட் செய்திருந்தாலும் பெரும்பாலான கேமராக்களின் சாதாரண ஃபார்மேட் ஏட்டை மட்டும்தான் மாற்றும். கடைசியாக எடுத்த ஒன்றிரண்டு கல்யாணங்கள் அதில் இன்னும் கிடக்கலாம். அடுத்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பெண் வீட்டாருக்குக் கொடுத்த பென்டிரைவுகள். அவற்றைத் திரும்பக் கேளுங்கள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கேள்வி: 1 டெராபைட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது "க்விக்" என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். நூற்றுக்கு எட்டு வந்தபோது தவறான டிஸ்க் என்று தெரிந்து நிறுத்திவிட்டேன். பாதியில் நிறுத்தியது தவறா? — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கரூர்

பதில்: ஐயா, நிறுத்தியதுதான் நீங்கள் செய்த ஒரே சரியான காரியம். க்விக் டிக்கை எடுத்துவிட்டால் நடப்பது முழு ஃபார்மேட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது கெட்ட இடம் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது மட்டும்தான். அடுத்த விண்டோஸான விஸ்டா வந்ததிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகிறது. பூஜ்யம் எழுதிய இடத்திலிருந்து எதையும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது. நூற்றுக்கு எட்டு என்றால் முன்புறம் ஏறக்குறைய 80 ஜி.பி. போயிற்று. மாஸ்டர் ஃபைல் டேபிள் வழக்கமாக முன்புறத்தில்தான் தொடங்குகிறது என்பதால் பெயர்களில் பெரும்பகுதியும் போயிருக்கும். மீதி 920 ஜி.பி.யில் இருப்பவை பெயரில்லாமல் கிடைக்கும். பெயரில்லாத கோப்புகளை என்ன செய்வது என்று யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்கு இயல்கள் மடிக்கணினியில் இருந்தன. வைரஸ் என்று சொல்லி ஒரு கடையில் எஸ்.எஸ்.டி.யை ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வேறொரு கடையில் ஐயாயிரம் முன்பணம் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? — ஆய்வு மாணவி, சேலம்

பதில்: கொடுக்காதே அம்மா.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் குணம் வேறு. ஹார்டு டிஸ்க்கில் பழைய எழுத்தின் மேல் புது எழுத்தை அப்படியே எழுதலாம். எஸ்.எஸ்.டி.யில் அது முடியாது. ஒரு தொகுதியை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி எழுத முடியும். துடைப்பதற்கு நேரம் பிடிக்கும். அதனால் எந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்பதை விண்டோஸ் அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு டிரிம் என்று பெயர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. ஃபார்மேட் செய்யும்போது டிஸ்க் முழுவதுமே வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. நிலத்துக்காரர் ஏட்டை மட்டும் கிழிக்கவில்லை. ஆள் வைத்து நெல்லையும் அறுத்துவிட்டார். அதன் பிறகு எந்த மென்பொருள் கேட்டாலும் எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் பூஜ்யத்தைத்தான் திருப்பித் தருகிறது. எடுக்க முடியும் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்கிற கடைக்காரர் உன் ஆய்வேட்டைப் பார்க்கவில்லை, உன் பதற்றத்தைப் பார்க்கிறார். எந்தக் கடையாக இருந்தாலும் முதலில் கோப்புப் பட்டியலைக் காட்டட்டும், இரண்டு கோப்புகளைத் திறந்து காட்டட்டும். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஆனால் ஆய்வேடு எழுதுகிறவர்களின் கோப்பு ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை முதல் நாளிலிருந்து தேடு. கருத்துத் திருட்டுச் சோதனைக்காக நூலகத்தில் கொடுத்த பிரதி இருக்கிறதா என்று கேள். வாட்ஸப்பில் தோழிக்கு அனுப்பி, இந்தப் பத்தி சரியா பார் என்று கேட்டிருப்பாய். அவள் கைபேசியில் அது இன்னும் இருக்கலாம். கடைசியாக, வரைவை அச்செடுத்த ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யாரும் சுத்தம் செய்வதே இல்லை. என்னிடம் வந்த ஒரு மாணவரின் மூன்று இயல்கள், இரண்டு வருடத்துக்கு முன் அச்செடுத்த கடையில், யாருடைய மின் கட்டண ரசீதுகளுக்கோ நடுவில் கிடைத்தன.

பழனித் தம்பிக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் கையடக்க ஹார்டு டிஸ்க்குகள் சிலவும் இந்த டிரிம் கட்டளையை ஏற்கின்றன. நான் சொன்ன ஐயம் அதுதான். பிரதியில் முழுக்க முழுக்கப் பூஜ்யமாக இருந்தால், வீட்டில் நோண்டுவதை நிறுத்திவிட்டு, டிஸ்க்கையே இயக்கும் அதன் உள்நிரல் மட்டத்தில் வேலை செய்கிற ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். ஹார்டு டிஸ்க்கில் அதற்குப் பிறகும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஃபார்மேட் செய்த பிறகு என் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் சரியாகும் என்கிறார்களே? — மளிகைக் கடைக்காரர், உடுமலைப்பேட்டை

பதில்: ஃப்ரீசரில் மீன் வையுங்கள் ஐயா. சத்தம் வருவது ஃபார்மேட்டால் அல்ல. படிக்கும் முள் போன்ற பகுதி பழுதாகியிருக்கிறது; இரண்டும் ஒரே நாளில் நேர்ந்திருக்கிறது. அந்த முள்ளுக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் தட்டில் நீர் பனிக்கும், அதன் மேல் முள் உரசும். இனி ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காதீர்கள். எந்த மென்பொருளும் இதற்கு மருந்து அல்ல. தூசியில்லா அறை வைத்திருக்கும் ஆய்வகத்தில்தான் இதைத் திறக்க வேண்டும். என் கடையிலும் அது இல்லை. ஏ.சி. அறையில் திறந்து பார்க்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முப்பது வருடங்களாகத் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளும் வினாத்தாள்களும் இருந்த டிஸ்க்கைப் பேரன் ஃபார்மேட் செய்துவிட்டான். ஃபோட்டோரெக் என்ற நிரலால் மீட்டுத் தந்தான். ஆனால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வெறும் எண்களாக இருக்கின்றன. திறந்தால் பலவற்றில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாக நிற்கின்றன. கோப்புகள் சிதைந்துவிட்டனவா? — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, இந்த மாதத்தில் என்னைச் சிரிக்க வைத்த ஒரே கடிதம் உங்களுடையது. உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். பாமினியை நிறுவிவிட்டுத் திறந்து பாருங்கள். வெண்பா வெண்பாவாகவே நிற்கும். பிறகு எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. இதே குழப்பம் இங்கே வானவில், டாப், டாம் எழுத்துருக்களில் எழுதியவர்களுக்கும் உண்டு. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010-இல்தான். அதற்கு முன் எழுதியவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு புதையல் இருக்கும்.

தேடும்போதும் கவனம் வேண்டும். யூனிகோடில் "புறநானூறு" என்று தட்டித் தேடினால் பாமினிக் கோப்பு ஒன்றும் சிக்காது. அதே சொல்லைப் பாமினி விசைப்பலகையில் தட்டி, வரும் ஆங்கிலக் குப்பையைக் கொண்டு தேடுங்கள். உடனே வரும்.

பெயர்களுக்கு வருகிறேன். ஃபோட்டோரெக் ஏட்டைப் பார்ப்பதே இல்லை. வயலில் நடந்துபோய், இது நெல், இது கரும்பு என்று பயிரைப் பார்த்தே சொல்கிற ஆள் அது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. பெயர் ஏட்டில்தான் இருந்தது என்பதால் அதற்குப் பெயர் தெரியாது. எஃப் என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் போட்டுவிடும். அந்த எண் வெறும் வரிசை எண் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. டிஸ்க்கைச் செக்டர் என்ற சிறு கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள்; எத்தனையாவது செக்டரில் அந்தக் கோப்பு தொடங்கியது என்பதே அந்த எண். கோப்புகளை எண் வரிசையில் அடுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள் டிஸ்க்கிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தவை, பெரும்பாலும் ஒரே காலத்தில் சேமிக்கப்பட்டவை. ஒரு வினாத்தாளின் ஆண்டு தெரிந்தால் அதன் முன்னும் பின்னும் இருப்பவற்றின் ஆண்டை ஊகிக்கலாம். ஓலைச்சுவடிக் கட்டை ஏடு குலைந்த பின் அடுக்குவது போன்ற வேலை. தமிழாசிரியருக்கு இது அலுக்காது என்று நம்புகிறேன். பேரனைத் திட்ட வேண்டாம். சரியான நிரலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

கேள்வி: பழைய கணினியை விற்கப் போகிறேன். ஃபார்மேட் செய்துவிட்டேன். போதுமா? — இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: மேலே உள்ளதையெல்லாம் படித்த பிறகுமா இந்தக் கேள்வி? வேண்டும் என்கிறவர்களுக்குத் தொலைகிறது, தொலைய வேண்டும் என்கிறவர்களுக்கு அப்படியே இருக்கிறது. நீங்கள் கரூர் ஐயா நிறுத்தியதை நிறுத்தாமல் செய்ய வேண்டும். க்விக் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்து முடியும்வரை விட்டுவிடுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவை ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே அப்படிச் செய்ய முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிச் செய்யச் சொல்லுங்கள். 1996-இல் பீட்டர் குட்மன் என்பவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை வைத்து 35 முறை அழிக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் பயமுறுத்துவார்கள். அது அன்றைய டிஸ்க்குகளுக்காக எழுதியது. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு முறை போதும்.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் இப்படித் தவறு செய்கிறோமா? பெரிய அலுவலகங்களில் பேக்கப் எல்லாம் வைத்திருப்பார்களே? — கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், எண்ணெய் வருமானத்திலிருந்து குடிமக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு தருகிறார்கள். அந்தப் பங்கைத் தரும் நிதி பல பில்லியன் டாலர் மதிப்புள்ளது. 2006 ஜூலையில் மாநில வருவாய்த் துறையில் வழக்கமான பராமரிப்பு வேலையில் இருந்த ஒரு கணினித் தொழில்நுட்பர், இந்தப் பங்குக்கான விண்ணப்பங்கள் இருந்த டிஸ்க்கைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டார். அத்தோடு பேக்கப் டிஸ்க்கையும் செய்துவிட்டார். மூன்றாவது காவலாக, தகவலைப் பதிந்து வைக்கும் காந்த நாடாவான டேப் இருந்தது. எடுத்துப் பார்த்தால் டேப்பைப் படிக்க முடியவில்லை. ஸ்கேன் செய்து வைத்திருந்த ஏறக்குறைய 8 லட்சம் பக்கங்கள் போயின. காப்பாற்றியது 300-க்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளில் தூக்கி எறியப்படாமல் கிடந்த காகிதங்கள்தான். ஊழியர்கள் வார இறுதிகளிலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்தார்கள். செலவு இரண்டு லட்சம் டாலருக்கு மேல்.

டிஸ்க்கும் பேக்கப்பும் ஒரே ஆளின் ஒரே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. டேப்பை யாரும் அதுவரை போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. உங்கள் வீட்டு பேக்கப்பை எடுத்து ஒரு கோப்பையாவது திறந்து பார்த்து எத்தனை மாதமாயிற்று?

கேள்வி: எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறீர்கள். நீங்கள் தவறு செய்ததே இல்லையா? — பெயரும் ஊரும் இல்லாத கடிதம்

பதில்: ஃபார்மேட் செய்ததில்லை. அதைவிடக் கொடியதைச் செய்திருக்கிறேன்.

2011, ஐப்பசிக்கு முந்தைய நேரம். திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருந்த ஓர் அம்மா, 500 ஜி.பி. டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஒன்பது வருட டிசைன்கள். டிஸ்க் மெதுவாகிவிட்டது, புதிதாக ஒன்றுக்கு மாற்றிக் கொடு கண்ணு என்றார். மீட்பு வேலைகூட இல்லை, வெறும் பிரதி. இரண்டும் ஒரே நிறுவனத்தின் டிஸ்க்குகள், ஒரே அளவு, மேசையில் பக்கத்துப் பக்கத்தில். எது மூலம், எது புதியது என்பதை நான் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். பிரதி எடுக்கும் நிரல் காலி டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதத் தொடங்கியது. மூன்று நிமிடம் கழித்து, படிக்கிற விளக்கு தவறான பெட்டியில் எரிவதைப் பார்த்தேன். நொடிக்கு 80 எம்.பி. என்றால் 14 ஜி.பி. பூஜ்யம். ஓர் எம்ப்ராய்டரி டிசைன் கோப்பு சில பத்து கே.பி.தான். 14 ஜி.பி.யில் எவ்வளவு அடங்கும் என்று கணக்குப் போட்டபோது கை சில்லிட்டது.

டிஸ்க்கின் பின்பகுதியில் இருந்தவை கிடைத்தன. முதல் நான்கு வருடங்கள் கிடைக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஒவ்வொரு டிசைனும் முதல் தடவை ஓடும்போது ஒரு துண்டுத் துணியில் தைத்து நம்பர் போட்டு வைப்பேன், எல்லாம் பரணில் மூட்டையாக இருக்கிறது என்றார்.

தீபாவளிக்கு முன் இருபது நாள் என் கடையைப் பூட்டிவிட்டுக் காலை பஸ்ஸில் திருப்பூர் போனேன். அவர் மூட்டையைப் பிரித்துத் துணியை நீவிக் கொடுப்பார், நான் ஸ்கேன் செய்வேன், அவருடைய டிசைனர் பையன் தையல் தையலாகத் திரும்ப வரைவான். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, அவர் தம் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஸ்கேனர் பக்கத்தில் இருந்த பழைய டிஸ்க்கின் மேல் ஒட்டினார். இது மூலம் கண்ணு, தெரிகிறதா என்றார்.

இன்றைக்கும் என் மேசை இழுப்பறையில் ஸ்க்ரூடிரைவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை பொட்டு இருக்கும். யாருடைய டிஸ்க் உள்ளே வந்தாலும் முதலில் அதற்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் கேபிளை எடுக்கிறேன்.